நம்பிக்கையின் தொடக்கம்: காசியன் முதல் ஒராஞ்சு சங்கம் (கி.பி. 529) வரை

கிறித்தவ அருட்கோட்பாட்டின் வரலாற்றை அகுஸ்தீனுக்கும் பெலாஜியுஸுக்கும் இடையிலான பூசலாகக் கூறி முடிப்பது வழக்கம். பெலாஜியுஸின் கருத்து கி.பி. 418இல் கார்த்தேஜ் சங்கத்தில் கண்டிக்கப்பட்டது. அதன்பின் இன்றைய தென் பிரான்சில் எழுந்த வினாவே நுட்பமானது. நன்மை செய்ய இறையருள் வேண்டும் என்பதை அங்கிருந்த துறவியர் மறுக்கவில்லை. நம்புவதற்கும் மனந்திரும்புவதற்கும் உள்ளத்தில் எழும் முதல் விருப்பம் யாருடையது என்றே கேட்டனர்.

மார்செய்ல் நகரத் துறவி யோவான் காசியன் தம் 13ஆம் உரையாடலில் இதற்கு ஒற்றை விடை கூற மறுத்தார். தொடக்கம் மனிதனுடையது எனின், திருச்சபையைத் துன்புறுத்திய பவுலையும் வரிதண்டிய மத்தேயுவையும் எங்ஙனம் விளக்குவது? இறைவனுடையது எனின், சக்கேயுவின் நம்பிக்கையையும் சிலுவையில் தொங்கிய கள்வனின் நம்பிக்கையையும் என்னென்பது? இத்தயக்கத்தில் மடத்து வாழ்வின் கவலையும் கலந்திருந்தது. தொடக்கமும் அருளே எனின், தவறியவரைக் கண்டித்துத் திருத்துவதன் பொருள் யாது? வட ஆப்பிரிக்காவின் ஆத்ருமேத்தும் மடத்திலும் இதே ஐயம் எழுந்தது. ‘கண்டித்தலும் அருளும்’ என்னும் பொருள்படும் நூலை அகுஸ்தீன் எழுதியது அதன்பொருட்டே. காசியன் போன்றோரைப் பிற்காலத்தார் ‘அரைப் பெலாஜியர்’ என்றது பொருந்தாத முத்திரை. நம்பிக்கையின் தொடக்கம் மனிதனுடையதே என அகுஸ்தீனும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார், சிம்ப்ளிசியானுக்கு விடையெழுதிய காலத்தில்தான் (ஏறத்தாழ கி.பி. 396) அக்கருத்தைக் கைவிட்டார்.

கி.பி. 529 ஜூலையில் ஒராஞ்சில் ஒரு கோயிலின் நேர்ந்தளிப்புக்குக் கூடிய ஆயர்கள், ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் தலைமையில் 25 விதிகளை ஏற்றனர். நம்பிக்கையின் வளர்ச்சி மட்டுமன்றித் தொடக்கமும், நம்ப விழையும் உணர்வும்கூட அருளின் கொடையே என்கிறது 5ஆம் விதி. முடிவுரை இன்னும் கூர்மையானது. கள்வன், கொர்நேலியு, சக்கேயு ஆகியோரின் நம்பிக்கை இயற்கையால் வந்ததன்று, அருளால் வந்தது என அது பெயர் சுட்டி உரைக்கிறது. இம்மூவருள் இருவர் காசியன் காட்டியவர்கள்; ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவருக்கு அளிக்கப்பட்ட விடையாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

ஆயினும் இதனை அகுஸ்தீனின் முழு வெற்றி எனல் மிகை. தீமைக்கென முன்குறிக்கப்பட்டோர் உண்டு என்பாரைச் சங்கம் சபித்தது. திருமுழுக்கில் அருள் பெற்றோர் கிறித்துவின் துணையோடு உழைத்தால் மீட்புக்குரியவற்றை நிறைவேற்ற இயலும், நிறைவேற்றவும் வேண்டும் என்றது. செசாரியுஸும் லெரின் மடத்தில் பயின்ற துறவியே. மடத்தாரின் கவலை அவர் அறியாததன்று.

கி.பி. 531இல் திருத்தந்தை இரண்டாம் போனிபாஸ் இம்முடிவுகளை உறுதிசெய்தார். எனினும் இடைக்காலப் பள்ளிகளில் இவ்விதிகள் பல நூற்றாண்டுகள் அறியப்படாமலே கிடந்து, 16ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் கவனம் பெற்றன. அப்போது லூத்தரால் அருள் பற்றிய விவாதம் ஐரோப்பாவில் மீண்டும் மூண்டிருந்தது. தூய ஆவியின் முந்துறு தூண்டுதலின்றி மனிதன் உரியவாறு நம்பவோ மனந்திரும்பவோ இயலும் என்னும் கருத்தை 1547இல் திரெந்து சங்கமும் விலக்கியது.