பிஸ்கோத்தும் எலுமிச்சையும்: ஆயாவுக்கு ஒரு பதில்



செமஸ்டர் முடிந்த கையோடு ஒரு காரியம் செய்தேன். வீட்டிலேயே எலுமிச்சை பிஸ்கட் சுட்டேன். கடையில் பாக்கெட்டில் வருகிற மொறுமொறு ரகம் இல்லை. ஓரம் லேசாகச் சிவந்து, நடுவில் மெத்தென்று இருக்குமே, அமெரிக்காக்காரர்கள் குக்கி என்று சொல்வது, அந்த ரகம். வாசனை எங்கள் நெல்லித்தோப்பு தெருமுனை வரை போயிருக்கும். தட்டில் அடுக்கி முதலில் ஆயாவிடம் நீட்டினேன்.

ஆயா பார்த்தார். "இது வெள்ளக்காரன் பண்டம்டா. எனக்கு வேணாம், நீங்க தின்னுங்க" என்று சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டார். முட்டை போடவில்லை என்று சத்தியம் செய்தும் பலிக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. இது நிஜமாகவே வெள்ளைக்காரன் பண்டம்தானா? தேட ஆரம்பித்தேன். கணக்குப் புத்தகம் புரட்டுகிறவன் வரலாற்றைப் புரட்டினேன். வரவு எது, செலவு எது, யாருடைய பற்று யாருடைய கணக்கில் ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பார்க்க சுவாரசியமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சரக்கு: எலுமிச்சை

எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் பிறந்த வீடு எது? 2018இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு, இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்கிறது. அதாவது அசாம், வடக்கு மியான்மர், சீனாவின் யுனான் பகுதிகள். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்துதான் இந்த இனங்கள் பிரிந்து பரவின.

ஐரோப்பாவுக்கு இவை மேற்கு ஆசியா வழியாகப் போய்ச் சேர்ந்த விருந்தாளிகள். போகும்போது பெயரையும் சுமந்து போயின. நம் நாரத்தைக்கும் மலையாளத்து நாரங்ஙாவுக்கும் உறவான ஒரு திராவிடச் சொல்தான் சமஸ்கிருதத்தில் நாரங்க ஆனது, பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நாரஞ்சா ஆனது என்பது மொழியியலார் பலரின் கருத்து. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் முன்னால் இருந்த 'ந' உதிர்ந்து ஓரான்ஜ் ஆனது. பிறகு அதையே ஆரஞ்சு என்று திரும்ப இறக்குமதி செய்துகொண்டோம். நம் வீட்டுப் பாத்திரத்தை இரவல் கொடுத்து, பேர் வெட்டி மாற்றிய பிறகு காசு கொடுத்து வாங்கிய கதை :-)

எல்லாம் ஒருவழிப் பாதையும் இல்லை. பம்பளிமாஸ் என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் பொம்பெல்மூஸ். அவர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நெடுங்காலம் இருந்தார்கள். நம் புதுச்சேரியும் 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. ஆறு வருடம்! பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவோம்.

இரண்டாம் சரக்கு: பிஸ்கோத்து

ஆயா பிஸ்கட் என்று சொல்ல மாட்டார். பிஸ்கோத்து என்பார். சின்ன வயதில் நாங்கள் சிரிப்போம். உண்மையில் ஆயா சொல்வதுதான் பழைய வடிவம். பிஸ்கட் ஆங்கிலம் வழியாக வந்தது. பிஸ்கோத்து அதற்கு முன்பே போர்ச்சுக்கீசியரின் பிஸ்கோயித்தோவிலிருந்து நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. மூலப் பொருள் 'இரண்டு முறை சுட்டது'. பிரெஞ்சு பிஸ்குவிக்கும் அதே பொருள்தான்.

ஏன் இரண்டு முறை? ஈரம் துளியும் இருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். மாதக்கணக்கில் கடலில் போகிற மாலுமிக்கு அதுதான் சோறு. மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்டுக் காயவைத்த, பல்லை உடைக்கிற கட்டி. ஆக, பிஸ்கோத்து பிறந்தது தேநீர் மேசைக்காக அல்ல, கப்பல் கிடங்குக்காக.

இரண்டும் சந்தித்த இடம்

பிஸ்கோத்து வயிற்றை நிரப்பியது, உயிரைக் காக்கவில்லை. நீண்ட பயணங்களில் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பழைய காயங்கள் திறந்துகொண்டன. ஸ்கர்வி நோய். வைட்டமின் சி இல்லாததால் வருவது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

1747இல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். 12 நோயாளிகள், இரண்டிரண்டு பேராக ஆறு அணிகள். ஒரு அணிக்கு வினிகர், ஒன்றுக்குக் கடல் தண்ணீர், இப்படி. ஒரு அணிக்கு மட்டும் ஆளுக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்!

கொடுமை என்னவென்றால், ஆங்கிலேயக் கடற்படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவு வந்தது 1795இல். 48 வருடம் கழித்து. லிண்ட் அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார்.

லிண்ட் சோதனைக்கு மறு வருடம், 1748இல், ஆங்கிலேயத் தளபதி போஸ்காவன் பெரிய கப்பற்படையோடு வந்து நம் புதுச்சேரியை முற்றுகையிட்டார். துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த காலம். மழையும் நோயும் சேர்ந்து அக்டோபரில் முற்றுகையைக் கைவிட வைத்தன. கப்பல்கள் கடற்கரைக்கு வெளியே நின்ற அந்த நாட்களில், கிடங்கில் இருந்தது பிஸ்கோத்து. எந்த மருந்துக்காக உலகம் இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்ததோ, அது கரையில் நம்மவர்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இருந்தது.

மெத்தென்று ஆனது எப்போது?

கல் மாதிரி இருந்த பிஸ்கோத்து மெதுவானதற்கு வெண்ணெயும் சர்க்கரையும் ஒரு காரணம். பிரான்சின் லொரேன் பகுதியில் மதலேன் என்ற சிறிய, மிருதுவான பண்டம் உண்டு. சிப்பி வடிவம், பெரும்பாலும் எலுமிச்சைத் தோல் வாசனை. எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் 1913இல் வெளியிட்ட நாவலில் நாயகன் தேநீரில் நனைத்துத் தின்று, பழைய நினைவெல்லாம் பொங்கி வருமே, அதே மதலேன்தான்.

இன்னொரு காரணம் நம் அடுக்களையில் எல்லோருக்கும் தெரிந்தது: ஆப்ப சோடா. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் சின்ன கேக்கை கூக்யே என்றார்கள். அதுதான் குக்கி. 1796இல் அமீலியா சிம்மன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வெளியிட்ட சமையல் புத்தகத்தில் குக்கி இருக்கிறது. மாவு உப்ப, மரச்சாம்பலிலிருந்து எடுத்த ஒருவகைக் கார உப்பைப் போடச் சொல்கிறார். 1846இல் அங்கே சமையல் சோடா வியாபாரமாகவே தொடங்கிவிட்டது. காரத்தோடு புளிப்பு சேர்ந்தால் கரியமில வாயு வரும், மாவு உப்பும். எலுமிச்சைக்கு இங்கே இரண்டாவது வேலை கிடைத்தது.

பிஸ்கட் தின்றால் சாதி போகும்!

ஆயாவின் 'வேணாம்' வெறும் ருசி விஷயம் இல்லை என்பது இங்கேதான் புரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிஸ்கட் தின்பது பெரிய காரியம். மாவைப் பிசைந்தவர் யார், தண்ணீர் யாருடையது, முட்டை உண்டா, புளிக்க வைக்கக் கள் ஊற்றினார்களா என்று ஆயிரம் கேள்வி. வங்காளத்தில் ராஜநாராயண் பாசு 1846இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதி வித்தியாசம் பார்ப்பதில்லை என்று காட்டவே நண்பர்களோடு பிஸ்கட்டும் ஷெர்ரி மதுவும் எடுத்துக்கொண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதினார். ஒரு பிஸ்கட் கடிப்பது ஒரு அறிக்கை மாதிரி!

இன்னொரு பக்கம், அந்தப் பண்டத்தைத் தன் கைவசமாக்கிக்கொண்டவர்களும் நம்மவர்களே. தலச்சேரியில் 1880இல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கிய மம்பள்ளி பாப்பு, தொழில் கற்றது பர்மாவில். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கொண்டுவந்த கேக்கை ருசி பார்த்து, உள்ளூர்ச் சரக்கை வைத்தே கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொடுத்தார் என்பது தலச்சேரி பெருமையாகச் சொல்கிற வரலாறு. தூத்துக்குடி மக்ரூனைப் பாருங்கள். ஐரோப்பாவில் பாதாம் போடுவார்கள், இங்கே முந்திரி. இலங்கையின் லவ் கேக்கில் மைதா கிடையாது, ரவையும் முந்திரியும். எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்ப்பதுண்டு.

நம் புதுச்சேரியின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் சுடுகிற விவிக்கம் கேக்கும் ரவையில்தான். ரம்மில் ஊறிய பழங்கள் பிரெஞ்சு வாசம், ரவை நம் வாசம்.

அடுப்பு யார் வீட்டில் இருந்தது?

நம் சமையலறையில் அவன் கிடையாது. நமக்கு அவித்தல், பொரித்தல், தாளித்தல்தான். அதனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் மாவைத் தட்டில் ஊற்றி, பக்கத்து ரொட்டிக்கடை விறகு அடுப்புக்குக் கொண்டுபோய் சுட்டு வாங்குவது வழக்கம். இல்லையென்றால் பாத்திரத்தில் மணலைப் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடி மேலேயும் தணல் போடுவார்கள். கீழும் மேலும் நெருப்பு. நான் சுட்டதும் அதன் பேரப்பிள்ளை முறையில்தான். பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு.

செய்முறை கேட்பீர்கள் என்று தெரியும். மைதா 150 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 100, கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, இரண்டு எலுமிச்சம்பழத்தின் தோல் துருவல், சாறு ஒரு தேக்கரண்டி. துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள். வாசனை எண்ணெய் மஞ்சள் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை. உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியைத் தொடாதீர்கள், கசக்கும். சாற்றை நம்பி நிறைய ஊற்றினால் சோடா புளிப்பைத் தின்றுவிடும், ருசி நிற்காது. வெண்ணெயையும் இந்தச் சர்க்கரையையும் குழைத்து, தயிரும் சாறும் விட்டு, சோடா கலந்து சலித்த மைதாவைச் சேர்த்துப் பிசையுங்கள். அரை மணி நேரம் குளிரவைத்து, உருட்டி லேசாகத் தட்டி வையுங்கள். நன்றாகச் சூடான குக்கரில் சிறு தீயில் கால் மணி நேரத்துக்குப் பிறகு கண் வைத்திருங்கள். ஓரம் சிவந்து நடு இன்னும் தொட்டால் அமுங்குகிறபோதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது இறுகும். 'வெந்துவிட்டதா' என்று காத்திருந்தால் அது கப்பல் பிஸ்கோத்து ஆகிவிடும்!

ஆயாவின் கணக்கு

இதையெல்லாம் ஆயாவிடம் இரண்டு நாள் விட்டு விட்டுச் சொன்னேன். லிண்ட் கதைக்கு "பாவம்" என்றார். நாரத்தை கதைக்குச் சிரித்தார். விவிக்கம் கேக்கில் ரவை என்றதும்தான் நிமிர்ந்தார்.

"ரவையா? கேசரி மாதிரியா?"

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். விண்ணேற்பு மாதா கோவிலுக்குத் தவறாமல் போகிறவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்குத் தட்டு நிறைய கேக் வரும். ஆயா வாங்கி எங்களுக்குப் பங்கு போடுவார். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று பழமோ வெல்லமோ வைத்து அனுப்புவார். தீபாவளிக்கு இங்கிருந்து தட்டு போகும். எத்தனையோ வருடப் பழக்கம். ஆனால் ஆயா ஒரு துண்டு வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவும் ஏன் என்று கேட்டதில்லை. போன ஆடியில் அவர் இறந்துவிட்டார். டிசம்பரில் தட்டு வரவில்லை.

"ஒரு நாளாவது அதுல என்ன போடுறீங்கன்னு கேட்டிருக்கலாம்" என்றார் ஆயா. வேறெதுவும் சொல்லவில்லை.

நான் படித்த வரலாறு, பண்டங்கள் எல்லை தாண்டிப் போன கதை. எலுமிச்சை கடல் தாண்டியது, பிஸ்கோத்து கடல் தாண்டியது. ஆயாவுக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு தெரு. அதைத் தாண்டத்தான் இத்தனை வருடம் போதவில்லை. 'வெள்ளைக்காரன் பண்டம்' என்ற பேச்சில் பாதி தப்பு என்று என்னால் நிரூபிக்க முடிந்தது. மீதிப் பாதியை நிரூபித்து என்ன ஆகப் போகிறது?

சாயங்காலம் காபியோடு ஒரு பிஸ்கோத்தை எடுத்து மோந்து பார்த்தார். பாதியை உடைத்துத் தின்றார். "எலுமிச்ச வாசம் நல்லாத்தான் இருக்கு. சக்கரை தூக்கல்" என்றார். பிறகு எட்டு பிஸ்கோத்தைத் தட்டில் எடுத்து வைத்து, "எதிர்வீட்டுல அந்தப் பொண்ணு இருப்பா, குடுத்துட்டு வா. அவங்கம்மா கேக்கு எப்படிப் போடுவாங்கன்னு அப்படியே கேட்டுட்டு வா" என்றார்.

போய்க் கேட்டேன். எழுதிக் கொடுத்தார். தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை, இரண்டு கொய்யாப்பழம் இருந்தது.