கடைசி மனிதன் (நாவல்)

'தி லாஸ்ட் மேன்', ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி (1797–1851) எழுதிய நாவல். 1826 ஜனவரியில் லண்டன் பதிப்பாளர் ஹென்றி கோல்பர்ன் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கொள்ளைநோயில் மனித இனமே அழிந்து ஒருவன் மட்டும் எஞ்சும் கதை இது. பின்னால் பெருகிய பேரழிவு நாவல்களுக்கு ஆங்கிலத்தில் முன்னோடி என்று இதைச் சொல்லலாம். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதியவர் என்ற குறிப்பு மட்டும் இருந்தது. மாமனார் சர் திமோதி ஷெல்லி, குடும்பப் பெயர் அச்சேறக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் மருமகளுக்கும் பேரனுக்கும் பணம் கொடுத்துவந்தார். மதிப்புரைகளில் பெயர் வெளிப்பட்டுவிடவே, அந்தப் பணமும் சில காலம் நின்றுபோனது.

கடைசி மனிதன் என்ற கரு மேரி எழுதுவதற்கு முன்பே இருந்தது. பிரெஞ்சில் கிரான்வில் எழுதிய உரைநடைக் காவியம் 1805இல் வந்தது. பைரன் 1816இலும் தாமஸ் கேம்பல் 1823இலும் இதைக் கவிதையாக்கினார்கள். மேரிக்கோ இது சொந்தத் துக்கம். மகள் கிளாரா 1818இல் வெனிசிலும், மகன் வில்லியம் 1819இல் ரோமிலும் இறந்தார்கள். கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லி, 1822 ஜூலையில் இத்தாலியக் கடலில் படகு கவிழ்ந்து இறந்தார். 1824 மே மாதம் ஒருநாள், உலகில் மிஞ்சிய கடைசி மனிதனோடு தன்னை ஒப்பிட்டு அவர் நாட்குறிப்பில் எழுதினார். நண்பரான பைரன் கிரேக்கத்தில் இறந்த செய்தி மறுநாள் வந்தது. வெளியுலகிலும் நோயச்சம் இருந்தது. 1817இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா, 1823க்குள் காஸ்பியன் கடற்கரை வரை போய்விட்டிருந்தது.

கதை 2073இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கடைசி மன்னர் முடி துறக்க, நாடு குடியரசாகிறது. கம்பர்லாந்தில் ஆடு மேய்த்து வளர்ந்த லயனல் வெர்னி கதையைச் சொல்கிறான். மன்னரின் மகன் ஏட்ரியன் அவனுக்கு நண்பனாகிறான். ஏட்ரியனின் தங்கை இட்ரிஸை அவன் மணக்கிறான். ஏட்ரியனிடம் பெர்சி ஷெல்லியையும், கிரேக்கர்களுக்காகப் போரிடும் ரேமண்ட் பிரபுவிடம் பைரனையும் அடையாளம் காண்பது எளிது. முதல் தொகுதி முழுக்கக் காதல், பதவி, மனத்தாங்கல்தான். நோயைத் தேடி வரும் வாசகர் பொறுமை இழப்பார். ஆனால் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் படித்தால் பின்பகுதியின் வலி பாதியாகிவிடும். அழியப்போகும் மனிதர்களோடு நம்மை நெடுநாள் பழகவிடுகிறார் ஆசிரியர். இருபத்தோராம் நூற்றாண்டு என்று பெயர்தான். பலூனில் பறக்கிறார்களே தவிர, மற்றபடி குதிரையும் பாய்மரக் கப்பலும்தான்.

கிரேக்கப் படை கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிடும்போது நோய் பெரிதாகத் தலைகாட்டுகிறது. ஆளரவமற்ற நகருக்குள் தனியே நுழையும் ரேமண்ட் அங்கேயே மடிகிறான். நோய் எதனால் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்பதை நாவல் கடைசிவரை சொல்வதில்லை. தொற்றா, கெட்ட காற்றா என்று அக்கால மருத்துவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இங்கே விடை இல்லை; மருந்தும் இல்லை. லயனலுக்கு மட்டும் நோய் வந்து குணமாகிறது. இறந்துகொண்டிருக்கும் கறுப்பின மனிதன் ஒருவன் அவனை இறுகப் பற்றிக்கொண்ட பிறகு அது வருகிறது. லயனல் அருவருப்போடு அவனை உதறித் தள்ளும் இந்த இடத்தை விமர்சகர்கள் விரிவாக விவாதித்திருக்கிறார்கள்.

நாவலின் உண்மையான பலம் அரசியல் சித்திரிப்பு. குடியரசின் தலைமைப் பதவியான 'காவலர்' பதவிக்குத் தேர்வாகும் ரைலண்ட், நோய் நெருங்கியதும் பதவியை விட்டு ஓடுகிறான். பிறகு, தின்னத் தீராத உணவுக் குவியலுடன் பூட்டிய வீட்டில் பிணமாகக் கண்டெடுக்கப்படுகிறான். ஏட்ரியன் பொறுப்பேற்று ஒழுங்கைக் காக்கிறான். மெரிவல் என்ற வானியலறிஞர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் வரப்போகும் பொற்காலத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறார். வீட்டில் மனைவி மக்கள் மடிகிறார்கள். அறிவும் நல்லாட்சியும் மனிதகுலத்தை மேம்படுத்தும் என்ற நம்பிக்கை, மேரியின் தந்தை வில்லியம் காட்வினும் கணவரும் போற்றியது. அந்த நம்பிக்கையைத்தான் நாவல் சோதித்துப் பார்க்கிறது. நல்லவனான ஏட்ரியனால் மக்களைக் கண்ணியத்தோடு சாகவைக்க முடிகிறது, காப்பாற்ற முடிவதில்லை.

எஞ்சிய ஆங்கிலேயர்கள் பிரான்சுக்குக் கடக்கிறார்கள். பாரிசில் ஒரு போலித் தீர்க்கதரிசி அவர்களில் ஒரு பிரிவினரை வசப்படுத்துகிறான். ஆல்ப்ஸ் மலையில் நோய் ஓயும்போது மிஞ்சுபவர்கள் நால்வர். ஒரு குழந்தையை டைஃபஸ் காய்ச்சல் கொல்கிறது. கிரேக்கம் நோக்கிய கடற்பயணத்தில் ஏட்ரியனும் ரேமண்டின் மகள் கிளாராவும் மூழ்கிப்போகிறார்கள். 2100ஆம் ஆண்டு பிறக்கும்போது ரோமில் லயனல் தனியாக நிற்கிறான்.

வெளிவந்தபோது பெரும்பாலான மதிப்புரைகள் கடுமையாகத் தாக்கின; சில, ஆசிரியர் பெண் என்பதையே கேலி செய்தன. 1833இல் பிலடெல்பியாவில் அனுமதியற்ற அமெரிக்கப் பதிப்பு ஒன்று வந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் நாவல் அச்சில் இல்லை. 1965இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அச்சகம் ஹியூ லூக் பதிப்பித்த பிரதியை வெளியிட்டது. பெண்ணிய விமர்சகர்கள் மேரி ஷெல்லியை மறுவாசிப்புக்கு எடுத்தபோது இதற்கும் இடம் கிடைத்தது. 2020இல் கொரோனா பரவியபோது இதழ்களில் இதைப் பற்றிய கட்டுரைகள் மீண்டும் வந்தன.