வேட்டை உரிமையும் வீட்டெல்லையும்

குடியிருக்கும் வீடொன்றைச் சூழ ஐந்நூறு அடி தூரத்துக்குள், வீட்டுக்குரியவரின் இசைவின்றி எவரும் துப்பாக்கி வெடி தீர்த்தலாகாது என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூயோர்க், மசாசூசெற்ஸ் முதலிய மாநிலங்களில் வழங்கும் சட்டம். பென்சில்வேனியாவிலும் நியூ ஜேர்சியிலும் இவ்வெல்லை 450 அடி. மெயின் மாநிலத்தில் 300 அடி. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது நகரசபை விதிகளுள் ஒன்றுபோலத் தோன்றும். குப்பை கொட்டுதல், நாய் வளர்த்தல் என்பன பற்றிய விதிகளோடு வைத்தெண்ணத் தக்கதெனவும் படும். ஆயின், காடு யாருக்குரியது, காட்டு விலங்கு யாருக்குரியது, தன் நிலத்தில் ஒருவன் செய்யத்தக்கது யாது என்னும் பழைய வழக்குகள் பல இச்சிறு வட்டத்தினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. அவ்வழக்குகளின் தொடக்கத்தை இங்கிலாந்தின் வரலாற்றிலே காணவேண்டும்.

நோமானியனாகிய வில்லியம் 1066 ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற பின்னர், பரந்த நிலப்பகுதிகளை அரச வேட்டைக்கென ஒதுக்கினான். ‘காடு’ என்னும் சொல் அக்காலச் சட்டத்தில் மரஞ் செறிந்த இடத்தை மட்டும் குறித்ததன்று. ஊர்களும் வயல்களும் அதனுள் அடங்கின. அங்கு வாழ்ந்த குடியானவன் தன் பயிரைத் தின்னும் மானை விரட்டுதற்கும் அஞ்சினான். 1217 ஆம் ஆண்டின் காட்டுச் சாசனமே, மானைக் கொன்ற குற்றத்துக்காக எவனும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் வேண்டாம் என்று விதித்தது. அரசனுக்கிருந்த உரிமை காலப்போக்கில் நிலப்பிரபுக்களின் கைக்கு மாறிற்று. இரண்டாம் றிச்சாட் காலத்தில், 1390 ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு நாற்பது சிலிங் வருமானமுள்ள நிலமில்லாத பொதுமகன் வேட்டை நாயும் வலையும் வைத்திருத்தலைத் தடுத்தது. 1671 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாற்பது சிலிங்கை நூறு பவுணாக உயர்த்தியது. அக்காலத்தில் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பதற்கு வேண்டிய நிலவருமானம் நாற்பது சிலிங்; முயலொன்றைச் சுடுவதற்கு வேண்டியது அதனைப்போல் ஐம்பது மடங்கு! நாட்டை ஆள்வோனைத் தெரிவு செய்யும் தகுதி பெற்றவனுக்கும் தன் வயலில் ஓடும் முயலைக் கொல்லும் தகுதி இல்லாதிருந்தது.

1723 ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் இதனினுங் கொடியது. முகத்திற் கரிபூசி ஆயுதந் தாங்கி மான்காவுகளிற் புகுவோர்க்கு மரணதண்டனை விதித்த அச்சட்டம் ஒரு நூற்றாண்டுக் காலம் நிலைத்திருந்தது. நிலப்பிரபுக்கள் தம் சோலைகளிற் பொறித்துப்பாக்கிகளை அமைத்தனர். கம்பியிற் கால் இடறியவன் களவாக வேட்டையாட வந்தவனா, பூப்பறிக்க வந்த சிறுவனா என்பதைப் பொறித்துப்பாக்கி அறியாது. அவை 1827 ஆம் ஆண்டிலேதான் தடைசெய்யப்பட்டன. 1831 ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் நிலத்தகுதியை நீக்கி, அதனிடத்தில் அனுமதிச் சீட்டை வைத்தது.

ஈண்டுக் கூறிய சட்டங்கள் யாவும் துப்பாக்கியிலிருந்து விலங்கைக் காத்தன, மனிதனை அன்று. மனிதனைக் காக்கும் விதி வேறொரு வழியாக வந்தது. 1835 ஆம் ஆண்டின் பெருந்தெருச் சட்டம், தெருவின் நடுவிலிருந்து ஐம்பது அடிக்குள் வீணாக வெடி தீர்ப்பவனுக்குக் குற்றப்பணம் விதித்தது. வேட்டையைப் பற்றிய சட்டமன்று அது. தெருவிற் செல்லும் வண்டிக்குதிரை வெருளாதிருத்தலும் வழிப்போக்கர் காயமுறாதிருத்தலுமே அதன் நோக்கம். எனினும், குறித்த ஓரிடத்திலிருந்து அடிக்கணக்கில் அளந்து வெடியை விலக்கும் முறை அதிலே தெளிவாகக் காணப்படுகின்றது.

அட்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து சென்ற ஆங்கிலேயர் தாய்நாட்டின் மொழியையும் நீதிமன்ற முறையையும் எடுத்துச் சென்றனர். வேட்டைச் சட்டத்தை மட்டும் கரையிலேயே விட்டுச் சென்றனர் எனலாம். மசாசூசெற்ஸ் குடியேற்றத்தின் 1641 ஆம் ஆண்டு உரிமைத் தொகுப்பு, வீட்டுத் தலைவன் ஒவ்வொருவனும் பெருங் குளங்களிலும் குடாக்களிலும் மீன் பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் உரிமை வழங்கியது. பென்சில்வேனியாவின் 1776 ஆம் ஆண்டு யாப்பு, மக்கள் தம் நிலத்தில் மட்டுமன்றி வேலியடைக்கப்படாத பிறர் நிலங்களிலும் உரிய காலங்களில் வேட்டையாடலாம் என்று கூறிற்று. மறு ஆண்டில் வெர்மொன்ற் அவ்வாறே செய்தது. இங்கிலாந்தில் நூறு பவுண் வருமானமுடையோரின் தனியுரிமையாயிருந்தது இங்கே பொதுமக்களின் பிறப்புரிமையாயிற்று. இவ்வுரிமைப் பெருக்கில் அமெரிக்க முதுகுடிகளின் வேட்டை நிலங்கள் பறிபோயின என்பதையும் மறத்தல் ஆகாது. வேலியில்லாத நிலம் என்று அன்று எண்ணப்பட்டவற்றுட் பல அவர்களுடையனவே.

இவ்வளவு தாராளமாக வேட்டை உரிமை வழங்கிய அதே சமுதாயம் நகரத்துக்குள் வெடி தீர்ப்பதை மிக முன்னரே கட்டுப்படுத்தியது. பிலடெல்பியாவில் 1721 ஆம் ஆண்டிலேயே அனுமதியின்றி வெடி தீர்ப்போர்க்கு ஐந்து சிலிங் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. பொஸ்ரன் நகரத்துக்கென 1746 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் குண்டும் சன்னமும் இட்டு வெடி தீர்ப்பதைத் தடுத்து நாற்பது சிலிங் குற்றப்பணம் விதித்தது. கவனமின்றிச் சுட்டதனால் உயிரும் உறுப்பும் இழந்தோர் பலர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். நியூயோர்க் நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பிறருடைய பழத்தோட்டங்களிலும் அடைத்த காணிகளிலும் துப்பாக்கியோடு வேட்டையாடுவதை 1763 ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. ஆகவே நகரம் வேறு, நாட்டுப்புறம் வேறு என்னும் பிரிவு தெளிவாயிருந்தது. நகரத்தின் விளிம்பு எங்கே முடிகின்றதோ அங்கே வேட்டை தொடங்கியது. அவ்விளிம்பு தெளிவாயிருந்த காலம்வரை பெரிய பிணக்குக்கு இடமிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் விலங்குகளுக்கு இரங்காத நூற்றாண்டாகக் கழிந்தது. சந்தைக்கென வேட்டையாடுவோர் புகைவண்டி ஏற்றி இறைச்சி அனுப்பினர். நாடெங்கும் நிறைந்திருந்த வெண்வால் மான்கள் 1900 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய ஐந்து இலட்சமே எஞ்சின என்று மதிப்பிடுவர். அவ்வாண்டின் லேசி சட்டமும், மாநிலங்கள் விதித்த பருவத் தடைகளும், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை விலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937 ஆம் ஆண்டுச் சட்டமும் நிலைமையை மாற்றின. இவ்வரி ஏற்பாட்டினால் ஒரு விந்தையும் நேர்ந்தது. விலங்குகளைக் காக்கும் திணைக்களம் வேட்டைக்காரன் செலவிடும் பணத்தினால் நடைபெறலாயிற்று. வேட்டை சுருங்கினால் அதன் வருவாயும் சுருங்கும். வேட்டைக் கட்டுப்பாடு பற்றிய விவாதங்களில் இத்திணைக்களங்கள் தயக்கங் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நகரத்தின் விளிம்பு கரையத் தொடங்கிற்று. போர்வீரர்க்கு 1944 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கடன் வசதி அளித்தது. நியூயோர்க்கின் லோங் ஐலன்ட் தீவில் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களிலே 1947 ஆம் ஆண்டில் லெவிற்றவுன் என்னும் குடியிருப்புத் தொடங்கப்பட்டது. 1951 ஆம் ஆண்டளவில் அங்கே பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1956 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நகரத்திலே தொழில் செய்வோன் நாட்டுப்புறத்திலே குடியிருக்க வழிசெய்தது. லெவிற்றவுன் போல நெருங்கிய குடியிருப்பில் வேட்டைப் பிணக்கு இல்லை; அங்கு வேட்டையே இல்லை. பிணக்கு எழுந்தது, காட்டினூடே ஐந்து ஏக்கருக்கு ஒன்றாகவும் பத்து ஏக்கருக்கு ஒன்றாகவும் வீடுகள் சிதறிய இடங்களிலே. இவ்விடங்களிலேதான் அடிக்கணக்கு விதி தன் முழு வலிமையையும் காட்டிற்று.

அக்கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஐந்நூறு அடி ஆரையுள்ள வட்டத்தின் பரப்பு பதினெட்டு ஏக்கர். தனியே நிற்கும் வீடொன்று பதினெட்டு ஏக்கரில் வேட்டையை நிறுத்துகின்றது. பத்து ஏக்கர்ச் சதுரமாகப் பிரித்த நிலத்தில் ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு வீடு இருப்பின், சதுரத்தின் பக்கம் 660 அடி. மூலை வீட்டிலிருந்து 467 அடி. எனவே அந்நிலம் முழுவதிலும் ஐந்நூறு அடிக்கு அப்பாற்பட்ட இடம் ஓரடியேனும் இல்லை. பார்வைக்கு அது காடு. மரமும் ஓடையும் மானும் உண்டு. சட்டத்தின் கண்ணுக்கு அது நகரம். இத்தகைய நிலத்தின் நடுவில் மூன்று தலைமுறையாக இருபது ஏக்கர் வைத்திருக்கும் கமக்காரன், சுற்றிலும் எழுந்த வீடுகளின் இசைவைப் பெறாமல் தன் பயிரைத் தின்னும் மானைச் சுட இயலாது. 1671 ஆம் ஆண்டின் ஆங்கிலக் குடியானவனுடைய நிலை மறுபடியும் வந்துற்றதெனக் கூறுவாரும் உளர். ஒப்புமை முற்றும் பொய்யன்று. ஆயின் அன்று காக்கப்பட்டது பிரபுவின் முயல், இன்று காக்கப்படுவது முற்றத்தில் விளையாடும் குழந்தை. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசும் வேட்டைக்காரர் சங்கங்களின் வாதம் ஏற்கத்தக்கதன்று.

இதனை வலியுறுத்துதற்கு மெயின் மாநிலத்தில் 1988 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிகழ்ந்ததொன்றே போதும். காட்டை அடுத்துப் புதிதாக எழுந்த குடியிருப்பில், தன் வீட்டின் பின்புறத்தே நின்ற ஒரு பெண்ணை மான் வேட்டைக்காரன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவள் அணிந்திருந்த வெண்ணிறக் கையுறை மானின் வெள்ளை வாலாகத் தோன்றிற்று என்பது அவன் தரப்பின் கூற்று. 1990 ஆம் ஆண்டில் யூரிமார் அவனைக் குற்றவாளி அல்லன் என்றனர். அதனினும் வியக்கத்தக்கது ஊராருட் சிலரின் எண்ணம். மான் வேட்டைக் காலத்தில் வெள்ளைக் கையுறை அணிந்து வெளியே வந்தது அவள் பிழையென்றும், வெளியூரிலிருந்து வந்தவளாதலால் ஊர் வழக்கை அறியாள் என்றும் அவர்கள் கூறினர். தன் வீட்டுக் கொல்லையும் தனக்குரியதன்று, வேட்டைக்காரனுக்கும் பொது என்னும் பழைய கொள்கை அச்சொற்களில் உயிரோடிருந்தது. உயர்நீதிமன்ற நீதியரசர் ஹோம்ஸ் 1922 ஆம் ஆண்டில் ஒரு வழக்கில், வேலியிடாத நிலத்தில் உரியவர் தடுக்காதவரை வேட்டையாடுதல் நாட்டு வழக்கமெனக் குறித்திருந்தார். அவ்வழக்கம் எழுந்த காலத்தில் காட்டின் நடுவே கையுறை அணிந்து நிற்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை. சுடுவதற்கு முன்னர் இலக்கு இன்னதென ஐயமின்றி அறிதல் வேட்டைக்காரனின் கடமையென மெயின் மாநிலம் பின்னர்ச் சட்டமியற்றிற்று.

ஐந்நூறு அடியோ முந்நூறு அடியோ எதுவாயினும், நெடுந்துப்பாக்கியின் குண்டுக்கு அஃது ஒரு பொருட்டன்று. அக்குண்டு ஒரு மைலுக்கு மேலுஞ் செல்லும். ஆகவே தூரத்தை மட்டும் அளப்பது போதாதெனக் கண்ட மாநிலங்கள் ஆயுதத்தையும் வரையறுத்தன. மசாசூசெற்ஸில் மான் வேட்டைக்கு நெடுந்துப்பாக்கி ஆகாது. குறுகிய தூரமே செல்லும் சன்னத்துப்பாக்கி முதலியனவே ஆகும்.

இதற்கிடையே மான்கள் பெருகின. இன்று அந்நாட்டில் வெண்வால் மான்கள் மூன்று கோடியளவில் உள்ளன என்பர். வேட்டைக்காரன் வரலாகாத, ஓநாயும் இல்லாத, பூச்செடிகள் நிறைந்த குடியிருப்புகளைவிட மானுக்கு உகந்த இடம் வேறில்லை. கனெக்ரிக்கற் மாநிலத்தின் லைம் என்னும் ஊரில் 1975 ஆம் ஆண்டில் சிறுவர் பலர்க்கு மூட்டுநோய் கண்டது ஆராயப்பட்டது. மானின் உடலில் வாழும் உண்ணியால் அந்நோய் பரவுவது பின்னர்த் தெளிவாயிற்று. தெருக்களில் மானும் மோட்டார் வண்டியும் மோதும் விபத்துகள் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் என மதிப்பிடப்படுகின்றன. வேட்டையை வெறுத்து விலக்கிய குடியிருப்பாளர் பலரே வேட்டைக்காரனை அழைக்கும் நிலை உண்டாயிற்று. ஆனால் அவன் துப்பாக்கியோடு வருதல் இயலாது, வில்லோடு வந்தான். நியூ ஜேர்சி 2010 ஆம் ஆண்டிலும் நியூயோர்க் 2014 ஆம் ஆண்டிலும் வில்லுக்குரிய எல்லையை 150 அடியாகக் குறைத்தன. வெடிமருந்து வந்து பழையதாக்கிய ஆயுதத்தை வீட்டு மனைகள் வந்து புதுப்பித்தன.

மறுபுறத்தில் வேட்டை உரிமையை மாநில யாப்பிலேயே எழுதிவைக்கும் இயக்கமும் வளர்ந்தது. 1996 ஆம் ஆண்டில் அலபாமா அவ்வாறு செய்தது. 2024 ஆம் ஆண்டு நவம்பரிற் புளோரிடா செய்தது. பொஸ்ரனின் 1746 ஆம் ஆண்டுச் சட்டமும் பிலடெல்பியாவின் ஐந்து சிலிங் குற்றப்பணமும் 2008 ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்திலே துப்பாக்கி உரிமை பற்றிய ஹெலர் வழக்கில் மீண்டும் வாதிக்கப்பட்டன. பழைய நகரங்கள் வெடியைக் கட்டுப்படுத்தியமைக்கு அவை சான்றென நீதியரசர் பிறெயர் கொண்டார். தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருத்தலை அவை தடுக்கவில்லையென நீதியரசர் ஸ்கலியா மறுத்தார். 1777 ஆம் ஆண்டிலேயே வேட்டை உரிமையை யாப்பில் எழுதிய வெர்மொன்றிலோ வீட்டுக்குரியவன் தன் வீட்டைச் சூழ ஐந்நூறு அடி எல்லையைத் தானே அளந்து அறிவிப்புப் பலகை நாட்டலாம். பலகை நாட்டப்பட்ட பின்னர் அவ்வெல்லைக்குள் அவனுடைய அனுமதியின்றி வெடி தீர்த்தலாகாது.