தண்டுவடக் காயத்தில் சிறுநீர், மலம் அடக்கவியலாமை

தண்டுவடக் காயத்தில் சிறுநீர், மலம் அடக்கவியலாமை என்பது தண்டுவடம் சேதமுறுவதால் சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவை நிறைவதை உணரவோ, அவற்றை விருப்பப்படி அடக்கவோ இயலாது போகும் நிலை ஆகும். மரத்திலிருந்து விழுதல், சாலை விபத்து போன்றவை இக்காயத்துக்குக் காரணமாகின்றன. நடக்க இயலாமை வெளியே தெரிகிறது, இது தெரிவதில்லை. ஆனால், இதுவும் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும்.

==உண்டாகும் விதம்==
சிறுநீர், மலக் கழிவை ஆளும் நரம்பு மையம் தண்டுவடத்தின் அடிப்பகுதியில், இரண்டாம் முதல் நான்காம் வரையான திருவெலும்புக் கூறுகளில் அமைந்துள்ளது. காயம் இதற்கு மேலே இருப்பின் சிறுநீர்ப்பை தானே சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றும். மையமே சேதமுற்றால் பை தளர்ந்து, நிரம்பி வழியும். இரண்டிலும் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கலாம். தேக்கம் தொற்றுக்கு இடமளிக்கும். பையினுள் அழுத்தம் கூடினால் சிறுநீரகங்கள் பழுதாகும். இதற்கு அஞ்சி நீர் அருந்துவதைக் குறைப்பது தவறான பழக்கமாகும்.

==சிறுநீர் மேலாண்மை==
1972 இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ், நோயாளி தாமே வடிகுழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை வெளியிட்டார். குழாய் முற்றிலும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை, தூய்மையாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, பையில் 500 மில்லிலிட்டருக்கு மேல் சேராதவாறு இது செய்யப்படுகிறது. சோப்பும் நீரும் கொண்டு கைகழுவ இயலும் எந்த வீட்டிலும் செய்யத்தக்கது என்பதால் சிற்றூர்களுக்கு இது ஏற்றது.

==மல மேலாண்மை==
நாள்தோறும் ஒரே நேரத்தில், உணவுக்குப் பின் மலம் கழிக்கப் பழக்குவர். உணவு உண்டதும் பெருங்குடல் அசைவு கூடுவதே காரணம். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதுண்டு. இதனை வயிற்றுப்போக்கு எனக் கருதி மருந்து கொடுத்தால் அடைப்பு மேலும் கடுமையாகும்.

==அவசர நிலை==
மார்பின் ஆறாவது தண்டுவடக் கூறு அல்லது அதற்கு மேல் காயமுற்றவர்களுக்குச் சிறுநீர்ப்பையோ மலக்குடலோ நிறைந்திருந்தால் இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். கடும் தலைவலியும் வியர்வையும் அதன் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீரை வடிக்க வேண்டும். குழாய் பொருத்தியிருப்பின் அது மடங்கியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அறிகுறிகள் தணியாவிடில் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

==தமிழ்நாட்டில்==
வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் சாலை விபத்தில் தண்டுவடக் காயமுற்றார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966 இல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமானார். 1972 இல் பத்மசிறீ விருது பெற்றார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981 இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கமும் தண்டுவடக் காயமுற்றோரின் மறுவாழ்வுக்குப் பணியாற்றி வருகிறது.