காஞ்சியில் கேமராவின் எடை

பயணத்துக்குத் தூக்கிச் செல்லும் கேமராவின் எடை, அது எதையெல்லாம் படமெடுக்கும் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தின் பழைய படங்களைக் கால வரிசையில் பார்த்தால் இது தெரியும். முதலில் வருபவை கோபுரமும் கல்மண்டபமும். அடுத்து, அசையாமல் நிறுத்தி எடுத்த மனிதர்கள். தறியில் ஓடும் நாடா, சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளில் ஏறிய வாகனம், செவிலிமேட்டுப் பாலாற்று மணலில் நடக்கும் கூட்டம் ஆகியவை படத்துக்குள் வர நெடுங்காலம் ஆயிற்று. அவற்றை எடுக்கப் புகைப்படக்காரர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கையிலிருந்த பெட்டிதான் இடம் கொடுக்கவில்லை.

டகேரின் புகைப்பட முறை 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. காகித நெகடிவ்வுக்கு டால்பட் 1841இல் காப்புரிமை பெற்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சென்னை ராஜதானிக்குப் புகைப்படம் ஓர் அரசு வேலையாகவே வந்துவிட்டது. மதராஸ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் வந்த பிறகு ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நாலைந்து மாதம் சுற்றினார். சாமான்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. அவருடைய நெகடிவ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறைக்கு வராத காலம் அது. காகிதத்தில் என்ன அளவு வேண்டுமோ அதே அளவில் நெகடிவ் வேண்டும், நெகடிவ் அளவுக்குப் பெட்டி வேண்டும், பெட்டியின் பாரத்துக்கு முக்காலி வேண்டும். எடை இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை டிரைப் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டு அசையாது என்பதால்தான் அந்த வேலை முடிந்தது. அதே கோயில் வாசலில் நடமாடிய மக்கள் அவர் படங்களில் அநேகமாக இல்லை. நெடுநேரம் திறந்திருக்கும் லென்ஸின் முன் நடந்துபோகிறவர்கள் பனிப்புகைபோல் கரைந்துவிடுவார்கள். தமிழகக் கோயில்களின் முதல் படங்கள் ஆளரவமற்ற இடிபாடுகள்போலத் தோன்றுவதற்கு வேதியியலுக்கும் பங்கு உண்டு. அதைக் கவனிக்காமல் அவற்றிலிருந்து சமூக வரலாறு எழுதுவது ஆபத்து. டிரைப்பின் பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அதை வீண் ஆடம்பரமாகக் கருதி நிறுத்திவிட்டார்.

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை, காகிதத்தின் இடத்தில் கண்ணாடியை வைத்தது. படம் கூர்மையாயிற்று, சுமையோ கூடிற்று. கண்ணாடியின் மேல் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்து, அப்போதே கழுவியாக வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். சித்திரை வெயிலில் அந்த நிமிடங்களும் பாதியாகும். ஆகவே போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடிப் பலகைகள். 12க்கு 10 அங்குலக் கண்ணாடி ஒன்று, கால் சென்டிமீட்டர் கனத்தில், ஏறக்குறைய அரைக் கிலோ. நூறு படம் எடுக்க எண்ணினால் கண்ணாடியே ஐம்பது கிலோ. புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1863இல் இமயமலைக்குப் புறப்பட்டபோது முப்பது சுமைகூலிகளை அழைத்துச் சென்றதில் வியப்பில்லை. 1867-68இல் எட்மண்ட் டேவிட் லயன் தென்னிந்தியக் கோயில்களை அரசுக்காகப் படமெடுத்ததும் இந்த முறையில்தான். கட்டடக் கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசனுக்கு அந்தப் படங்கள் பெரிதும் உதவின.

காஞ்சிக்கென்று ஓர் இடைஞ்சலும் இருந்தது. அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையும் சேர்ந்த பட்டுப் புடவை, கறுப்பும் கறுப்புமாகவே விழும். எல்லா நிறங்களையும் உணரும் பிளேட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விற்பனைக்கு வந்தன. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த நிறங்கள் கேமராவின் முதல் அரை நூற்றாண்டுக்குக் கண்ணில் படவே இல்லை.

சுமை முதன்முதலாக இறங்கியது ஒரு மருத்துவரால். கொலோடியனிலிருந்து எழும் ஈதர் ஆவி தன் உடம்புக்கு ஒவ்வாததால், ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் 1871இல் ஜெலட்டின் பூசிய உலர் பிளேட்டுக்கு வழி காட்டினார். 1880ஐ ஒட்டி அது கடையில் வாங்கும் சரக்கானது. கூடாரமும் ரசாயனமும் வீட்டிலேயே தங்கின. காலையில் எடுத்ததை வாரம் கழித்துக்கூடக் கழுவலாம். தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ காஞ்சியின் பல்லவர் கோயில்களை அளந்து, வரைந்து, படமெடுத்து 1909இல் வெளியிட்ட பெருநூல் இந்த உலர் பிளேட் காலத்தின் விளைச்சல். கைலாசநாதர் கோயிலின் சுற்று மதிலோரச் சிறு சன்னதிகளை ஒவ்வொன்றாக நின்று பதிவு செய்யக் கூடாரத்தை இழுத்துக்கொண்டு அலைய வேண்டிய தேவை அப்போது இல்லை.

வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று வேறு வகைச் சோதனை. பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்பங்கள் சுவர் நெடுகிலும் இருக்கின்றன. எதிரே தூண் வரிசை. கேமராவைப் பின்னே நகர்த்த இடமில்லை, ஒளியும் ஒரு பக்கத்திலிருந்தே வரும். அங்கே பெட்டியின் எடையைவிட அதன் பருமனும் முக்காலியின் கால் விரிவும்தான் தொந்தரவு. இச்சிற்பங்களைப் பற்றி சி. மீனாட்சி எழுதிய ஆய்வு, தொல்லியல் துறை வெளியீடாக 1941இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

உலர் பிளேட்டும் கண்ணாடிதான். கண்ணாடியையே விலக்கியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் வந்த அவருடைய கோடாக் கேமராவில் நூறு படத்துக்கான சுருள் உள்ளேயே இருந்தது. 1900இல் வந்த பிரௌனியின் விலை ஒரு டாலர். ஆனால் பயணக் கேமராவின் வரலாற்றில் உண்மையான திருப்பத்தை ஓர் ஆஸ்துமா நோயாளியிடம் பார்க்கலாம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக்குக்கு மலை நடையில் ஆசை. 13க்கு 18 சென்டிமீட்டர் பிளேட் கேமராவைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. சினிமா ஃபிலிமின் 35 மில்லிமீட்டர் சுருளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் சின்ன நெகடிவ் எடுத்து, அச்சிடும்போது பெரிதாக்கிக் கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டார். 1914ஐ ஒட்டி மாதிரிக் கேமரா உருவானது. போர் குறுக்கிட்டது. 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா விற்பனைக்கு வந்தது. படத்தின் அளவும் நெகடிவ்வின் அளவும் அத்தோடு பிரிந்தன. போர்ன் அரைக் கிலோ கண்ணாடியில் ஒரு படம் எடுத்தார் என்றால், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சுருளில் இப்போது 36 படம்.

தமிழர்களில் இந்த விடுதலையை முழுதாகப் பயன்படுத்தியவர் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911இல் பிறந்தவர். 1930களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். நாடு நாடாகச் சென்று காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். தமிழில் பயண எழுத்தும் பயணப் படமும் ஒரே கையில் சேர்ந்தது அவரிடம்.

எல்லோரும் இலகுவைத் தேடினார்கள் என்று சொல்லிவிட முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே பொருத்திய கனத்த கேமராவோடு காட்டில் திரிந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலிப்பெயரும் வைத்திருந்தார். பெரிய நெகடிவ்வில் யானைத் தோலின் சுருக்கம் தனித்தனியாக விழும் என்பது அவர் கட்சி. கறுப்பு வெள்ளையை அவர் விடவே இல்லை. அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்சியை மறுக்க மனம் வராது.

சிறு நகரத்து ஸ்டுடியோக்காரர்கள் நடுவழியில் நின்றார்கள். பிளேட் கேமராவுக்குப் பிறகு அவர்கள் கைக்கு வந்தது ரோலிஃபிளெக்ஸ், ரோலிகார்டு, யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் பெட்டிகள். 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரம், ஒரு ரோலில் 12 படம். கழுத்தில் தொங்கவிட்டு, இடுப்பளவில் குனிந்து பார்த்து எடுப்பது. காஞ்சியின் நெசவு வீடுகளுக்கு இந்தக் குனிவு மிகவும் பொருந்தியது. குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் விட்டுத் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கண் உயரத்தில் பிடிக்கும் கேமரா அவர் உச்சந்தலையைத்தான் காட்டும். இடுப்புயரக் கேமராவோ பாவு, கை, முகம் மூன்றையும் ஒரே சட்டத்தில் கொண்டுவரும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும் விடிகாலை வேலைக்கும் இதுவே தோது.

வீட்டுக் கேமரா என்று ஒன்று வந்ததும் இதே காலத்தில்தான். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3, பல குடும்பங்களின் முதல் கேமரா. 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. வெளிநாட்டுக் கேமரா வேண்டுமென்றால் சிங்கப்பூர் உறவினர், இல்லையேல் சென்னை பர்மா பஜார். 1972இல் ஒலிம்பஸ் நிறுவனத்தின் யோஷிஹிஸா மைதானி வடிவமைத்த ஓஎம்-1, உடல் மட்டும் 510 கிராம். எதிரொளிப்புக் கேமராக்கள் (எஸ்எல்ஆர்) முக்கால் கிலோவைத் தொட்டுக் கொண்டிருந்த நாளில் அது துணிச்சல்தான்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் நீருக்கடியில் வைக்கப்படும் அத்தி மர மூர்த்தியான அத்தி வரதர், அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளிவந்த ஆண்டுகள் இந்த மாற்றத்துக்கு நல்ல அளவுகோல். 1937இல் லைக்கா பிறந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தாலும், சாமானியர் கையில் கேமரா கிடையாது. 1979இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் நாற்பது ஆண்டு கழித்துப் பத்திரிகைகளில் மறுபடி வெளியாயின. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாளும், அன்றன்று பெருமாளுக்குச் சாற்றிய பட்டு என்ன நிறம் என்பது பொழுது விடிந்த சிறிது நேரத்தில் வாட்ஸ்அப்பில் தெரிந்துவிட்டது. ஒரு காலத்தில் கறுப்பாக மட்டுமே விழுந்த பட்டு!

கண்ணாடியற்ற எண்முறைக் கேமராக்கள் 2008இல் பேனசோனிக் ஜி1 மூலம் வந்தன. கேமராவுக்குள் மேலும் கீழும் அசையும் கண்ணாடி நீங்கியதும் பெட்டி மெலிந்தது. பயணத்துக்குத் தேர்ந்தெடுப்பவர் பெட்டியின் எடையைக் கேட்டுவிட்டு நிறுத்தினால் ஏமாறுவார், ஏனெனில் எடையின் பெரும்பகுதி லென்ஸில் இருக்கிறது. லென்ஸின் எடையைத் தீர்மானிப்பது சென்சாரின் அளவு. பார்னாக்கின் 24க்கு 36 மில்லிமீட்டர் இன்றும் முழு அளவு எனப்படுகிறது. ஜி1 வகையின் 13க்கு 17.3 மில்லிமீட்டர் சென்சாரில், 200 மில்லிமீட்டர் லென்ஸே முழு அளவில் 400 தரும் பார்வையைத் தரும். வைகாசிக் கருட சேவையன்று கோபுர வாசலில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குடையின் கீழ் இருக்கும் திருமுகத்தை எட்ட இது பெரிய லாபம்.

இருட்டில் அந்த லாபம் போய்விடும். பரப்பு கால்வாசி என்பதால் சேரும் ஒளியும் கால்வாசியே. சித்திரா பௌர்ணமியன்று வரதர் எழுந்தருளும் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றில், படியிறங்கிப் போகும் நிலத்தடி மண்டபத்தில் விளக்கொளிதான். முக்காலி விரிக்க இடமில்லை, ஃபிளாஷ் அடித்தால் மண்டபத்தின் தன்மையே மாறிவிடும். அங்கே முழு அளவு சென்சாரோடு 35 மில்லிமீட்டர் ஒற்றை லென்ஸ் ஒன்று, அகன்ற துவாரத்தோடு, எந்தப் பெரிய ஜூமையும்விடப் பயன்படும். செவிலிமேட்டில் ராமானுஜர் தொடர்புடைய சாலைக் கிணற்றிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கினால் நேர் எதிரான நிலை. ஒளி கொட்டிக் கிடக்கும், மணல் பறக்கும், லென்ஸ் மாற்றினால் சென்சாரில் துகள் ஏறும். அங்கே கழற்றாத ஒரே ஜூம் போதும், சின்ன சென்சாரும் போதும்.

முக்காலியின் கதை சட்டத்தால் முடிந்தது. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுக்கலாம், முக்காலி நிறுத்த முன் அனுமதி வேண்டும். டிரைப்பின் முறையில் இன்று ஒருவர் வேலை செய்ய விரும்பினால் முதலில் மனு எழுத வேண்டும். கையடக்கக் கேமராவின் உள்ளே சென்சாரையே நகர்த்தி நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி வந்தபின் பலருக்கு அந்த மனு தேவைப்படவில்லை.

எல்லாவற்றிலும் இலகுவான கேமரா கைப்பேசியில் இருப்பது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யும்படி உத்தரவிட்டது. சட்டைப் பையில் இருப்பதே தெரியாத அந்தக் கேமராவை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.