சஹன: சுனாமிக்குப் பிறகு கொழும்பில் உருவான மென்பொருளும் அதற்குப் பின்னால் இருந்தவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஓ.எல். பெறுபேறு வந்ததும் பெற்றோர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "சேர், மகனை கோடிங் வகுப்பில் போடட்டுமா?" மகளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "அவளுக்குக் கணக்கு அவ்வளவு வராது, கம்பியூட்டர் சரிவராதுதானே" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். மென்பொருள் என்றால் ஒருவர் திரைக்கு முன்னால் இருந்து கோட் எழுதுவது, அவ்வளவுதான். அது எவ்வளவு குறையான எண்ணம் என்று காட்ட அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. கொழும்பிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. இலங்கையில் காசு கட்டி இணையம் எடுக்கும் வசதி 1995இல் வந்தது. அந்தக் காலத்து இணையத்தளம் ஓர் அறிவித்தல் பலகை மாதிரி. பார்க்கலாம், வாசிக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. அதைச் செய்தவருக்கு "வெப்மாஸ்டர்" என்று பெயர். எழுத்து, படம், கோட், சேர்வர் எல்லாம் அந்த ஓர் ஆள்தான். பிறகு பீ.எச்.பி. போன்ற கருவிகள் பரவின. பக்கம் பதில் சொல்லத் தொடங்கியது. நீங்கள் எழுதுவதைத் தரவுத்தளத்தில் சேமித்து, கேட்கும்போது எடுத்துத் தந்தது. வங்கிக் கணக்கு, டிக்கெட், கடைக் கணக்குக் கொப்பி எல்லாம் இணையத்துக்குள் வர வழி பிறந்தது இப்படித்தான். அதோடு ஓர் ஆள் போதாமல் போனது.

2004 டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. நாட்டில் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கல்முனை, மருதமுனைப் பக்கம் சொந்தபந்தம் இருந்த கொழும்புக் குடும்பங்கள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி எத்தனை நாள் இருந்தன என்பது உங்களுக்கே தெரியும். லட்சக்கணக்கானோர் முகாம்களில். உதவி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு முகாமுக்கு லொறி லொறியாக உடுப்பு போகும், இன்னொரு முகாமில் குழந்தைக்குப் பால்மா இராது. எங்கே என்ன இருக்கிறது, எங்கே என்ன இல்லை என்று ஓர் இடத்தில் பார்க்க வழி இல்லை.

அந்த நாட்களில் கொழும்பிலிருந்த மென்பொருள் ஆட்கள், கம்பனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்தவர்கள், தொண்டர்களாக ஒன்று சேர்ந்தார்கள். 2003இல் தொடங்கப்பட்ட லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அவர்களுக்கு ஒரு கூடாரமாக இருந்தது. உருவான மென்பொருளின் பெயர் "சஹன". சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதற்குள் நான்கு பெரிய பகுதிகள்: காணாமல் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, யாருக்கு என்ன தேவை என்ற கோரிக்கைப் பதிவு. அரசாங்கத்தின் தேசிய நடவடிக்கை நிலையம் அதைப் பயன்படுத்தியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த நான்கு பதிவுகளையும் கோடாக எழுதுவது கெட்டிக்காரர் ஒருவருக்குப் பெரிய மலை அல்ல. மலை வேறு இடத்தில். முகாம் என்றால் என்ன? பள்ளிவாசலில் தங்கிய முப்பது குடும்பமும் முகாமா? ஒரு வீட்டு முற்றத்தில் இருக்கும் ஐந்து குடும்பம்? இதை முடிவு செய்ய, களத்தில் நிற்பவரிடம் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். பெயரை எடுங்கள். நம் ஊரில் முஹம்மத், முகம்மது, மொஹமட், மொகமட் எல்லாம் ஒரே பெயர். சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் நாலு மாதிரி எழுதுவார்கள். உம்மா ஒருவர் மகனைத் தேடி ஓர் எழுத்துக்கூட்டலில் கேட்க, முகாமில் வேறொன்றில் பதிந்திருந்தால், பையன் உயிரோடு இருந்தும் திரையில் இல்லை என்றே வரும். இது கோட் எழுதுபவருக்குத் தானாகத் தெரியாது. மொழியும் மக்களும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். தரவுத்தளத்தை வடிவமைப்பவர் அதற்கு இடம் வைக்க வேண்டும். சோதிப்பவர் ஒருவர் வேண்டுமென்றே பிழையாக எழுதித் தேடிப் பார்க்க வேண்டும். களைத்துப்போன தொண்டர் ஒருவர் இரவு இரண்டு மணிக்கும் குழம்பாமல் நிரப்பக்கூடிய படிவத்தை இன்னொருவர் வரைய வேண்டும். சேர்வர் விழாமல் பார்ப்பவர் தனி.

சஹன பிறகு 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூகம்பத்திலும் பயன்பட்டது. 2006க்கான சமூகப் பயன் விருதை அமெரிக்காவின் ஃப்ரீ சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குக் கொடுத்தது. வேறு நாட்டுக்கு ஒரு மென்பொருள் போவதென்றால், அதை எப்படிப் பாவிப்பது என்று தெளிவாக எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள் என்று அர்த்தம். அதுவும் ஒரு வேலைதான். நல்ல வசனம் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்!

இது நிவாரணம், வியாபாரம் வேறு என்பீர்கள். வேறு இல்லை. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனின் பின்னால் இருந்த சஞ்சீவ வீரவரண, 2005இல் வேறு இருவரோடு சேர்ந்து டபிள்யூ.எஸ்.ஓ.டூ. கம்பனியைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்களின் வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைப்பது அதன் தொழில். 2024இல் ஸ்வீடனின் ஈ.கியூ.டி. அதை வாங்க முன்வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து தெமட்டகொடைக்கு எவ்வளவு தூரம்? அங்கேதான் வேர்ட்டூசா பல வருடம் வெளிநாட்டு வங்கிகளுக்கும் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் வேலை செய்தது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பிக்மீ. சுல்ஃபர் ஜிஃப்ரி 2015இல் தொடங்கியது, 2024இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. காலி வீதியில் மழையில் நின்று திரீவீலர் கூப்பிடுகிறீர்கள். சாரதி ஏற்றுக்கொண்டு பிறகு ரத்துச் செய்தால் என்ன நடக்க வேண்டும்? காசா, கார்டா? போகும் இடத்தை வழியில் மாற்றினால் கூலி எப்படி? இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தெளிவாக எழுதிக் கொடுப்பவருக்கு இந்தத் துறையில் பிஸ்னஸ் அனலிஸ்ட் என்று பெயர். பிழை தேடுபவர் கியூ.ஏ., திரையை வரைபவர் யூ.ஐ. டிசைனர், சேர்வரையும் புதிய பதிப்பு வெளியிடுவதையும் பார்ப்பவர் டெவொப்ஸ். கோட் எழுதுபவர்களிலும் நீங்கள் பார்க்கும் திரைப் பக்கம் ஒருவர், பின்னால் ஓடும் கணக்குப் பக்கம் இன்னொருவர்.

கொமர்ஸ் படித்த பிள்ளைக்கு விலைப்பட்டியலும் இருப்புக் கணக்கும் ஏற்கெனவே விளங்கும். புறக்கோட்டைக் கடை ஒன்றில் வாப்பாவுடன் நின்று வளர்ந்த பிள்ளைக்கு, கடன் கொப்பி எப்படி ஓடுகிறது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடைக்கு மென்பொருள் செய்யும் குழுவில் அது பெரிய அறிவு. ஏ.ஐ. இப்போது கோட்டில் ஒரு பங்கை எழுதித் தருகிறது. முதலாளி ஏன் ஒரே பொருளை மூன்று விலைக்கு விற்கிறார் என்பதை அது போய்க் கேட்டு வராது.

வழிகளும் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பீ.ஐ.ரி. வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வேலை செய்துகொண்டே படித்து முடித்தவர்கள் ஏராளம். ஏ.எல். கலை, வர்த்தகப் பிரிவுகளிலும் ஐ.சி.ரி. ஒரு பாடமாக எடுக்கலாம். பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஆறு மாத வகுப்புக்குக் காசு கட்டும் முன் அந்த நிலையத்தில் மூன்று விடயம் கேளுங்கள். சோதனை செய்வது எப்படி என்று படிப்பிப்பீர்களா? தரவுத்தள வடிவமைப்பு இருக்கிறதா? பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து உண்மையான கடை ஒன்றுக்கோ பாடசாலைக்கோ ஏதாவது செய்து முடிப்பார்களா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வராவிட்டால் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.