ஹந்தானை அடிவாரத்தில் சமூகவியல்

பேராதனையிலிருந்து நோக்குவோருக்கு ஹந்தானை பல்கலைக்கழகத்தின் மலை. மாணவர் பாட்டுகளில் அதற்கு நிலையான இடமுண்டு. 1969இல் வந்த 'ஹந்தானே கதாவ' என்ற சிங்களத் திரைப்படமும் அந்த மலையையும் மாணவரையும் சேர்த்தே நினைக்க வைத்தது. கண்டி நகரிலிருந்து மேலேறுவோருக்கோ அது தேயிலை மலை. கொழுந்து பறித்தவர்களின் லயங்கள் அங்கே இருந்தன. ஒரே மலையின் இரு முகங்களுக்கும் இடையே நடந்தே கடக்கக்கூடிய தூரந்தான். மனித சமூகத்தை ஆராய வந்த அறிஞர்கள் அந்தத் தூரத்தை எவ்வளவு கடந்தார்கள் என்பதே நமது வினா.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தோன்றியது. அதற்கென முதலில் கருதப்பட்ட இடம் தும்பறைப் பள்ளத்தாக்கு. பின்னரே பேராதனை தெரிவாயிற்று. 1952இல் மாணவர் அங்குக் குடியேறினர். ஐவர் ஜெனிங்ஸ் அமைக்க முயன்றது ஆங்கிலேயப் பாணியிலான வதிவிடப் பல்கலைக்கழகம்: ஆற்றங்கரை, விடுதிகள், பூமரங்கள். ஊரை விட்டு ஒதுங்கியிருப்பதே கல்விக்கு உகந்தது என்ற எண்ணம் அந்த அமைப்பிலேயே உறைந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் சமூகவியல் என்ற துறை ஊரை விட்டு ஒதுங்கினால் பிழைக்காது. நாற்பதுகளின் இறுதியில் அமெரிக்கரான பிரைஸ் றையன் இங்கு அத்துறைக்கு அடிகோலினார். இலங்கையின் சாதி முறை பற்றிய அவருடைய நூல் 1953இல் வெளிவந்தது. கண்டி இராச்சியக் காலத்துச் சிங்களச் சமூக அமைப்பை ஆராய்ந்த றால்ப் பீரிஸின் நூல் 1956இல் வந்தது. இவை மதிப்புக்குரிய நூல்கள். எனினும் நம்மை நிறுத்தி வைப்பது அடுத்து வந்த ஒரு நூலே.

பொருளியலாளர் என். கே. சர்க்காரும் சமூகவியலாளர் எஸ். ஜே. தம்பையாவும் கண்டி மாவட்டத்துப் பாத்த தும்பறைக் கிராமங்களில் நடத்திய அளவாய்வு 1957இல் நூலாயிற்று. அதன் தலைப்பே ஒரு தீர்ப்பு: 'சிதைந்து வரும் கிராமம்'. குளமும் கோயிலும் வயலும் சேர்ந்த தன்னிறைவுக் கிராமம் என்பது அந்நாளில் அரசியல் மேடைகளின் செல்லக் கற்பனை. ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டபோது தெரிந்தது வேறு. துண்டு துண்டான நிலம். நிலமே அற்ற குடும்பங்கள். விளைச்சலில் பாதியை நிலவுடைமையாளனுக்கு அளந்து கொடுக்கும் 'அந்தே' வாரம். வயலால் வாழ முடியாமல் கூலியை நாடும் விவசாயி. கிராமம் என்ற ஒற்றுமைச் சொல்லுக்குள் வர்க்கம் இருந்தது. அதை எண்களால் காட்டியதே அந்நூலின் பெருமை.

அடுத்த ஆண்டு, 1958இல், பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாரத்தை விளைச்சலில் நான்கிலொரு பங்களவில் மட்டுப்படுத்தவும் குத்தகை விவசாயியின் உரிமையை நிலைநாட்டவும் அது முயன்றது. நூலிலிருந்து சட்டம் பிறந்தது என்று கூற நாம் துணியோம். இரண்டும் ஒரே காலத்தின் கேள்விக்கு எழுந்த விடைகள் எனலாம். நிலவுடைமையாளர் சும்மா இருந்துவிடவில்லை. பல இடங்களில் வாரக்குடிகள் வெளியேற்றப்பட்டனர். பிலிப்பும் 1959இல் அமைச்சரவையை விட்டு நீங்க நேர்ந்தது.

இனி வேலிக்கு அப்பால் வருவோம். கண்டிக் கிராமத்தின் சிதைவுக்குத் தோட்டமே காரணம் என்பது நெடுங்கால வழக்கு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரமில்லாத நிலத்தை அரசுடையதாகக் கொண்டது. அந்நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையிலும் வெள்ளைத் துரைமாரின் கோப்பித் தோட்டங்களுக்குப் போயிற்று. பறிபோனது வயலைவிடச் சேனைக் காடும் மேய்ச்சல் நிலமுமே. கண்டிய விவசாயிகள் பற்றி விசாரித்த ஆணைக்குழுவின் 1951ஆம் ஆண்டு அறிக்கையும் அவர்களது நிலமின்மையை அரசியலின் நடுவுக்குக் கொணர்ந்தது. ஆனால் நிலத்தை எடுத்தவன் துரை. பழி விழுந்தது அந்த நிலத்திற் கூலிக்கு மாரடித்த தமிழ்த் தொழிலாளி மீது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. நிலமற்ற சிங்கள விவசாயியும் நாடற்ற தமிழ்த் தொழிலாளியும் ஒரே வரலாற்றின் இரு விளைவுகள். கிராமத்தைத் தனி அலகாக எடுத்து அளக்கும் ஆய்வுமுறையில் முதலாமவன் கணக்கில் வருகிறான். மற்றவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறான். இது தனிமனிதர் குறையன்று, கருவியின் குறை.

அவ்வெல்லைக்கோடு ஆய்வாளரையே வெட்டிய கதையும் உண்டு. தம்பையா 1929இல் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில், அவர் மாணவர் குழுவோடு கல்லோயாப் பள்ளத்தாக்கின் குடியேற்றவாசிகளிடையே களஆய்வில் இருந்தார். அங்கேதான் தமிழர் மீது வன்செயல் வெடித்தது. கேள்விக்கொத்தோடு சென்ற ஆசிரியர் கலவரத்தின் நடுவிலே நின்றார். குடியேற்ற வாழ்வை அளக்கச் சென்றவருக்கு, யாரும் கேட்காத கேள்விக்கு விடை கிடைத்தது! இந்நாட்டில் தாம் தொடர்ந்து பணிசெய்ய இயலாது என்ற எண்ணம் அவ்வனுபவத்தால் அவருள் வேரூன்றியது. 1960இல் தாய்லாந்து சென்றார். பின்னர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வர்ட். தாய்லாந்துப் பௌத்தம் பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்றார். 1983க்குப் பிறகே தம் நாட்டின் இனப்பிரச்சினையை நூலாக எழுதினார்: 1986இல் ஒன்று, 1992இல் மற்றொன்று. பின்னதற்கு இங்கே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. 2014இல் அமெரிக்காவிற் காலமானார். பாத்த தும்பறையை அளந்த கை பிறநாட்டு மண்ணில் ஓய்ந்தது. மூளைசாலிகள் பணத்துக்காக ஓடுகிறார்கள் என்று எளிதாகப் பேசுவோர் இதனையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் விட்டுச்சென்ற வளாகமும் தப்பவில்லை. 1983 மே மாதத்தில், ஜூலைக்கு முன்பே, பேராதனையிலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர்.

பேராதனையிற் கற்பித்த இன்னொரு பெரும் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. தென்னிலங்கைக் கிராமமொன்றின் நிலவுடைமை பற்றி 1967இல் நூல் தந்தவர். பின்பு அமெரிக்கா சென்று, முதுமையிற் கண்டிக்குத் திரும்பி, 2025இல் மறைந்தார். கண்டியின் கடைசி மன்னன், நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கொடுங்கோலனென்றே நமது பள்ளி நூல்களிற் காட்டப்பட்டவன். அந்தச் சித்திரம் எவ்வாறு புனையப்பட்டது என்பதை 2017இல் ஒபேசேகர ஆராய்ந்தார். வகுப்பறையில் அம்மன்னனைப் பற்றிப் பேசும் ஆசிரியர் எவரும் அந்நூலைத் தவிர்க்கலாகாது.

லயத்தை நோக்கிய முயற்சியொன்று வளாகத்துக்கு வெளியேயிருந்தும் வந்தது. 1972இல், காணிச் சீர்திருத்தம் தொடங்கிய ஆண்டில், யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடக்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, தோட்டத்தையும் அயற்கிராமத்தையும் சேர்த்தே ஆராய்ந்து, அவ்விடங்களிலேயே பணியும் செய்வது என்பது அவர்கள் கொண்ட முறை. அது எளிய காலமன்று. சில ஆண்டுகளிலேயே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974இல் தோட்டங்களிற் பசிச்சாவுகள் நேர்ந்தன. கிராமத்தவனுக்குக் கொடுப்பதற்கென்று தோட்ட நிலம் பிரிக்கப்பட்ட இடங்களில் லயத்தவன் தெருவுக்குத் துரத்தப்பட்டான். 1840இன் பாதிக்கப்பட்டோர் இருவரும் நேருக்கு நேர் நிறுத்தப்பட்ட அந்நாட்களில், இருவர் வீட்டிலும் உட்கார்ந்து கேட்டெழுதியவர்கள் சிலரே.

ஹந்தானையின் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் அரும்பொருட் காட்சிச்சாலையாக உள்ளது. உருளைகளும் எந்திரங்களும் மெருகிட்டு நிற்கின்றன. அங்கிருந்து கீழிறங்கினால் பல்கலைக்கழக நூலகம்; அதன் காலத்திலேயே எழுதப்பட்ட பாத்த தும்பறை ஆய்வை நமது மாணவர் முதலிற் படிக்கட்டும். பிறகு அதே வினாக்களோடு மலையின் மறுபக்கமும் ஏறலாம்.